கத்திரியில் கம்பளி

அக்கா,

இன்று காலை வீடு முழுக்க அந்துருண்டை வாசனை. ராத்திரி வேலை முடிந்து வந்த எங்கள் வீட்டுக்காரர், தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் பரணில் ஏறி, பழைய கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். மார்கழியிலேயே வேலை இல்லாத கம்பளி அது. இப்போது மே மாதம். கத்திரி வெயில் பிறந்து பாதி ஓடிவிட்டது. இந்நேரத்துக்கு நம் ராஜகீழ்ப்பாக்கத்தில் எல்லோரும் மின்விசிறியைத் திட்டிக்கொண்டு, தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்திருப்பார்கள். கத்திரியில் யாராவது கம்பளி தேடுவார்களா? அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். சும்மா வரவில்லை, வந்ததும் வராததுமாக என்னை மாடிக்கு விரட்டவும் தொடங்கிவிட்டீர்கள்.

"குளுருது குளுருதுன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தா ஆச்சா? எவ்ளோ குளுருது? போய்ப் பாருடி."

'எவ்ளோ' என்பது உங்களுடைய கேள்வி. யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பீர்கள். "இன்னிக்கு வெயில் தாங்கலம்மா" என்று பால்காரர் சொன்னால் "எவ்ளோ?" என்பீர்கள். அவர் பாவம், "அரை லிட்டர்தாங்க, எப்பவும் போல" என்று பாக்கெட்டை நீட்டுவார். அவர் போன பிறகு நான் சிரித்துச் சிரித்து மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவேன். உங்களுக்கு மட்டும் சிரிப்பு வராது. பெரிய கேள்விக்குப் பதில் வரவில்லை என்ற கோபம் முகத்தில் இருக்கும்.

உங்கள் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்தபோது நீங்கள் வேலையை விட்டிருந்தீர்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, முட்டிவலி வந்து நின்றுகொண்டவர் என்று தெருவில் சொன்னார்கள். நோயாளிக்கு ஜுரம் பார்ப்பதோடு, தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் காலையும் மாலையும் சூடு பார்த்து எழுதுவது உங்கள் வேலையாம். வேலை போனது, கை மட்டும் சும்மா இருக்க மறுத்தது. "மனுஷனுக்குப் பாத்தாச்சு, ஃப்ரிட்ஜுக்குப் பாத்தாச்சு. இப்ப ஊருக்கு ஜுரம் பாக்கறேன்" என்று முதல் நாளே என்னிடம் சொன்னீர்கள். வீட்டு ஓனருக்கு லேசாக மறை கழன்றிருக்கிறது என்று அன்று இரவு இவரிடம் சொன்னேன். நல்ல மாதிரியான மறை என்று புரிய அதிக நாள் ஆகவில்லை.

மொட்டை மாடியில் உங்கள் பெட்டி நின்றது. பழைய ஜன்னலின் மரச் சட்டங்களைச் சாய்வாக அடுக்கி, நான்கு பக்கமும் காற்று புகுகிற மாதிரி தச்சரிடம் சொல்லிச் செய்தது. பளீரென்ற வெள்ளை பெயின்ட். நெஞ்சு உயரத்துக்குக் கால்கள். உள்ளே ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர், சிவப்புத் திரவம் போட்டது. அதன்மேல் ஒரு பொட்டு வெயில் படக்கூடாது என்பீர்கள். வெயிலை அளக்கிற சாமானுக்கு வெயில் ஆகாதா என்று கேட்டேன். "வெயில்ல நிக்கறவனோட சூடு வேற, ஊரோட சூடு வேற. நான் ஊருக்குத்தான் பாக்கறேன்" என்றீர்கள்.

அதே மாடியில்தான் என் பிழைப்பும். கோடை முழுக்க வடாம் பிழிந்து காயவைத்து, ஆர்டர் கொடுத்தவர்களுக்குக் கட்டி அனுப்புவேன். எனக்கு வெயில்தான் முதலாளி. நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ வடாம், காக்கா வருது பாரு" என்பீர்கள். நான் துணியை விரிக்கும்போது நீங்கள் பெட்டியைத் திறப்பீர்கள். கத்திரி வந்தால் நம் இருவருக்கும் திருவிழா. தெருவே வாடி வதங்கும்போது மாடியில் இரண்டு பெண்கள் மட்டும், இன்னும் கொஞ்சம் ஏறாதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

உங்களுக்கு ஒரு ஆதங்கம் உண்டு. டிவியில் மீனம்பாக்கம் சொல்வார்கள், நுங்கம்பாக்கம் சொல்வார்கள். "நம்ம ஊரை எவனாவது சொல்றானா? நம்மள நாமதான் பாத்துக்கணும்" என்பீர்கள். அதற்காகத்தான் தண்ணீர்த் தொட்டிச் சுவரில், கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்டால் எழுதிவைத்தீர்கள். 'ராஜகீழ்ப்பாக்கம், கத்திரி, பகல் இரண்டு மணி' என்று மேலே. அதற்குக் கீழே 'அதிகம்' என்று ஒரு வரி, 'குறைவு' என்று ஒரு வரி. அவற்றுக்கு எதிரே எண்கள். புது எண் வந்தால் பழையதின்மேல் வெள்ளையடித்து எழுதுவீர்கள். குண்டு குண்டான, யாரும் படிக்கக்கூடிய எழுத்து. டாக்டர் கிறுக்குவதைப் பார்த்துப் பார்த்து வந்த வைராக்கியம் என்று நான் கேலி செய்வேன்.

நம் தென்புறத்து ஊர்களில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தீர்கள். ஒவ்வொருவர் மாடியிலும் ஒரு தெர்மாமீட்டர். இரண்டு மணி அடித்தால் எண்கள் வந்து விழும். அதில் உங்களுக்குச் சரியான போட்டி பல்லாவரம் காதர் பாய். தோல் பை தைக்கிற கடை வைத்திருப்பவர். ஒரு கத்திரியில், ஊரெல்லாம் நாற்பத்தொன்று நாற்பத்திரண்டு என்று போட்டுக்கொண்டிருந்த நாளில், நீங்கள் நாற்பத்து நான்கு என்று போட்டீர்கள். உடனே அவருடைய குரல் வந்தது.

"இன்னாக்கா இது? உங்க வூட்டாண்ட மட்டும் தனியா ஒரு சூரியன் வந்துகினு கீதா?"

நீங்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். "பல்லாவரத்துல மலை இருக்கு பாய், நிழல் விழும். உங்களுக்குக் கம்மியாத்தான் காட்டும்!" உச்சி வெயில் இரண்டு மணிக்கு எந்த மலையின் நிழல் எங்கே விழும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் தொட்டிச் சுவரில் 44 ஏறியது. தெருவுக்கே ரோஸ்மில்க் கொடுத்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடிக்கு வந்து, கல்யாண மண்டபத்தில் பெண் மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி வரிசையில் நின்று உங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உங்களை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை வருடம் எழுதியும் யாரும் பாராட்டியதில்லை, ஊருக்கு ஜுரம் பார்த்ததற்குத்தான் கைதட்டு கிடைத்தது என்று சொன்னீர்கள்.

அதே கத்திரியில்தான் கடலில் ஏதோ சுழல ஆரம்பித்தது. "நாளைக்கு மாவு கிளறாத" என்று நீங்கள் சொன்னபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உங்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவீர்கள் என்று ஒரு அண்டா மாவு கிளறிவிட்டேன். விடிந்தால் வானம் சாம்பல் நிறம். சாரல், காற்று, மறுபடி சாரல். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நனைந்து வந்த இவர், வாழ்க்கையில் முதல்முறையாகப் பகலில் ஏசியை நிறுத்திவிட்டு இதே கம்பளியைக் கேட்டார். ராத்திரி வேலைக்காரர் இல்லையா, மற்ற நாளெல்லாம் பகல் முழுக்க ஏசி ஓடும். அதன் வெளிப்பெட்டி மொட்டை மாடியில்தான் இருந்தது, தொட்டிக்குப் பக்கத்தில். இடம் காட்டியதுகூட நீங்கள்தான்.

இரண்டு மணிக்குக் குடையோடு மேலே போனோம். திறந்து பார்த்தால் இருபத்து நாலரை. "ரெக்கார்டுக்கா!" என்று நான் குதித்தேன். கத்திரியில் இருபத்து நாலரை என்றால் சும்மாவா? நீங்கள் குதிக்கவில்லை. தெர்மாமீட்டரின் குமிழை விரலால் தொட்டீர்கள். சாரல் பலகை இடுக்கில் புகுந்து அதை நனைத்திருந்தது.

"இது செல்லாது. ஜுரக்காரன் நெத்தியில ஈரத்துணியப் போட்டுட்டு, ஜுரம் எறங்கிடுச்சுன்னு எழுதற கதைடி இது."

புடவைத் தலைப்பில் குமிழை ஒற்றி ஒற்றித் துடைத்தீர்கள். பெட்டிக்கு மேலே குடையைக் கட்டினீர்கள். அது தன் நிலைக்கு வரட்டும் என்று படிக்கட்டு மறைவில் இருவரும் உட்கார்ந்தோம். பிழியாமல் கிடந்த மாவைச் சூடு பண்ணி இரண்டு தட்டில் கொண்டுவந்தேன். பச்சை மிளகாய், பெருங்காயம், எலுமிச்சை. வடாமாகக் காய்ந்து எண்ணெயில் பொரிவதைவிட அது அப்படியே நன்றாக இருந்தது. கத்திரி மத்தியானத்தில் சூடான மாவை வழித்து நக்கிக்கொண்டு, மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நமக்குள் ஆன நட்பு எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டால் அந்தத் தட்டைத்தான் சொல்வேன்.

மறுபடி திறந்தபோது இருபத்தாறு. அதுவும் ரெக்கார்டுதான். குழுவில் போட்டீர்கள். காதர் பாய் உடனே வந்தார். "அக்கா, எனக்கும் அதே இருபத்தாறு! மொத தபா நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துப் போயிகீது. மழைக்குக் கும்புடு போடுங்க!"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான். நீங்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"எல்லாருக்கும் ஒத்துப்போகுதுடி."

"நல்லதுதானேக்கா?"

"இன்னிக்கு மட்டும் ஏன்?"

எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. உங்களுக்கு அதற்கப்புறம் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வெயில் திரும்பி வந்த அன்று என்னை மாடிக்குக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துப் பெட்டியின் பலகை இடுக்கில் வைத்தீர்கள். அனல் அடித்தது. காற்றே இல்லாத மத்தியானத்தில் ஒரே பக்கத்திலிருந்து விடாமல் அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஏசியின் வெளிப்பெட்டி ஹோ என்று இரைந்துகொண்டிருந்தது.

"உன் வீட்டுக்காரர் தூங்கறார் இல்ல, அவரோட அனல்டி இது. நான் ஊருக்கு ஜுரம் பாக்கல. உன் வீட்டுக்காரருக்குப் பாத்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. பெட்டிக்கு வெள்ளையடித்து, நிழல் பார்த்து, கால் உயரம் பார்த்து, எல்லாம் பார்த்துவிட்டு, ஏசிக்கு அதன் முன்னாலேயே இடம் காட்டியிருக்கிறீர்கள்! ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. நீங்கள் தொட்டிச் சுவரில் இருந்த 44-ஐப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிள்ளையைத் தத்துக் கொடுக்கப் போகிறவள் மாதிரி நின்றீர்கள்.

அன்று நான் உங்களோடு சண்டை போட்டேன். "யாருக்குக்கா தெரியும்? நீங்களே சொன்னாத்தானே தெரியும்? தெருவுக்கு ரோஸ்மில்க் குடுத்தாச்சு. பெட்டியத் தள்ளி வெச்சுட்டு இனிமே சரியாப் பாத்தா போதாதா?" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம். காதர் பாய் முன்னால் நீங்கள் தலைகுனிவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீங்கள் சுண்ணாம்பு வாளியைக் கலக்கிக்கொண்டே சொன்னீர்கள்.

"ஜுரம் இல்லாதவனுக்கு ஜுரம்னு நான் எழுதி வெச்சுட்டுப் போனா, அடுத்த டியூட்டிக்கு வர நர்ஸ் அதைப் பாத்து மாத்திரை குடுத்துடுவா. அவளுக்கு என்னைத் தெரியாது. நான் எழுதினதுதான் தெரியும்."

44-ன் மேல் வெள்ளை ஏறியது. எண்ணை மட்டும்தான் அழித்தீர்கள். 'அதிகம்' என்ற சொல்லையும் சேர்த்து அழித்துவிடுங்கள், வெறும் இடம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றேன். "எழுத்து என்னடி தப்பு பண்ணுச்சு? தப்பா இருக்கறத மட்டும் எடுத்தா போதும்" என்றீர்கள். பிறகு குழுவில் உங்கள் குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னீர்கள். ஏசி, அனல், நீங்களே இடம் காட்டியது, மலை நிழல் என்று உளறியது, ஒன்றையும் விடவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். காதர் பாய் கிழித்துத் தொங்கவிடுவார் என்று காத்திருந்தால், ஆள் பேச்சையே காணோம். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பல்லாவரம் சந்தையில் பழைய இரும்புக்காரர்களிடம் தேடிப் பிடித்த ஒரு ஸ்டாண்டோடு அவர் இறங்கினார்.

"இத்த அந்தக் கோடில வெச்சிக்கலாம்க்கா. ஏசிக் காத்து எட்டாது" என்றார். அவரும் நீங்களுமாகப் பெட்டியைத் தூக்கிப் போய் மாடியின் எதிர்மூலையில் நிறுத்தினீர்கள். அன்றிலிருந்து அவர் உங்களுக்குத் தம்பி, எனக்கு அண்ணன். தலைகுனிவு என்று நான் நினைத்தது, நம் வீட்டுக்கு ஒரு மனிதரைக் கூட்டிவந்தது.

அடுத்த கோடையில் 'அதிகம்' என்பதற்கு எதிரே நாற்பத்திரண்டு ஏறியது. யாருக்கும் ரோஸ்மில்க் கொடுக்கவில்லை. ஆனால் 'குறைவு' வரியில் இருந்த 26-ஐத்தான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவீர்கள். சூடு ஏறுவது யார் மாடியிலும் ஏறும், கத்திரியில் குளிர்ந்த நாளைப் பிடித்தது நாம்தான் என்பீர்கள். "இது தொடச்ச நம்பர்" என்று அதற்கு ஒரு பட்டமே கொடுத்திருந்தீர்கள். கத்திரி பிறந்து மேகம் கூடும்போதெல்லாம் அது தாங்குமா தாங்காதா என்று பந்தயம் கட்டுவோம். அது தாங்கிக்கொண்டே வந்தது.

போன ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள். இருதயம் என்றார்கள். நீங்கள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தீர்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உங்களுக்கு ஜுரம் பார்த்தாள். கண்ணைத் திறக்காமலே "எவ்ளோ?" என்று கேட்டீர்கள். "நார்மல்மா" என்றாள் அவள். "நார்மல்னு ஒரு நம்பர் கிடையாது. எவ்ளோன்னு சொல்லு" என்று அந்த நிலையிலும் அதட்டினீர்கள். அவள் பயந்துபோய் எண்ணைச் சொன்னாள். நான் சிரித்தேன், வெளியே வந்து அழுதேன். நீங்கள் என் காதில் விழப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த உங்கள் மகள், வீட்டை நாங்களே பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, "அம்மாவோட பெட்டியும் உங்களுதுதான்க்கா" என்றாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, அன்றைய வேலையை எல்லாம் போட்டுவிட்டுத் தொட்டிச் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். "இந்தச் சொவுரு மட்டும் அழுக்கா கீதேம்மா" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். அழுக்காகவே இருக்கட்டும் என்றேன். உங்கள் புடவைகளை மகள் கொண்டுபோய்விட்டாள். மருந்துச் சீட்டெல்லாம் டாக்டர் எழுத்து. உங்கள் கை எழுதியது இந்த வீட்டில் மிச்சமிருப்பது அந்தச் சுவரில்தான். அதிலும் அந்த 26-ல் இருக்கும் ஆறு, வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்த பூனை மாதிரி இருக்கும். தினமும் துணி விரிக்கும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குவேன்.

இப்போது புரிகிறதா, இன்று காலை அந்துருண்டை வாசனை வந்ததும் ஏன் எனக்கு மாடிப் பக்கம் போகவே பிடிக்கவில்லை என்று?

டிவியில் மீனம்பாக்கம் என்று தொடங்கி, மே மாதத்தில் இப்படி ஒரு பகல் அபூர்வம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்கே காதர் பாயின் குரல் வந்துவிட்டது. "இன்னாம்மா காட்டுது உங்க வூட்டாண்ட? இங்க அக்கா நம்பருக்குக் கீய போயிடும் போலக் கீது. எனுக்குப் பாக்கவே மனசு வர்ல."

எனக்கும் மனசு வரவில்லைதான். இரண்டு மணிக்குக் குடையோடு ஏறினேன். பெட்டியைத் திறந்தேன். சிவப்புக் கோடு இருபத்தைந்துக்கும் கீழே நின்றது. அன்று 'ரெக்கார்டுக்கா' என்று குதித்தவள் நான்தான். இன்று அதே மாடியில் அந்தக் கோடு ஏறாதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இது சரியான எண் என்றால், உங்கள் ஆறை என் கையாலேயே அழிக்க வேண்டும்.

விரல் தானாகக் குமிழுக்குப் போனது. ஈரம்! அக்கா, மழையில் நனைந்த தெர்மாமீட்டரைத் தொட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் இந்தத் தாம்பரம் வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். செல்லாது, செல்லவே செல்லாது என்று வாய்விட்டுச் சொன்னேன். உலர்ந்த துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். பெட்டிக்கு மேலே குடையைக் கட்டினேன். அதே படிக்கட்டு மறைவில் உட்கார்ந்தேன். இந்தத் தடவையும் மாவு கிளறி வைத்திருந்தேன், நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருப்பீர்கள். இவர் கம்பளியைச் சுற்றிக்கொண்டே இரண்டு தட்டோடு மேலே வந்தார்.

"என்ன, அக்கா தப்பிச்சாங்களா?"

"தப்பிச்சிடுவாங்க. ஈரம் காயட்டும்."

தட்டு காலியானது. திறந்தேன். கோடு ஏறியிருந்தது. ஏறி, இருபத்தாறைத் தொடாமல் நின்றது. இன்னொரு தடவை துடைத்தேன். இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். இருபத்தைந்துக்கும் இருபத்தாறுக்கும் நட்ட நடுவில், அசையவில்லை. இவர் எட்டிப் பார்த்தார்.

"அரைதானே? இருபத்தாறுன்னே போட்டுடேன். அக்கா நம்பர் அப்படியே இருக்கும், யாருக்குத் தெரியும்?"

அன்று நான் உங்களிடம் சொன்ன அதே வார்த்தை. ஆசைதான் எனக்கு, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இருபத்தாறை ஏன் இத்தனை வருடம் எல்லோரும் நம்பினார்கள்? நீங்கள் துடைத்துவிட்டுப் பார்த்தீர்கள் என்பதால்தானே? அதைக் காப்பாற்ற நான் ஒரு பொய்யான இருபத்தாறைப் போட்டால், முதலில் செத்துப்போவது உங்களுடைய இருபத்தாறுதான். இவரிடம் அவ்வளவு விளக்கவில்லை. "அடுத்த டியூட்டிக்கு ஒருத்தி வருவாளுங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, பரவாயில்லை. குழுவில் எண்ணைப் போட்டேன்.

பிறகு காதர் பாய் பேசினார். "எனுக்கும் அதேதாம்மா. இருபத்தஞ்சர. அக்கா இருந்திருந்தா இன்னிக்குத் தெருவுக்கே ரோஸ்மில்க் குடுத்திருக்கும்."

"இந்தக் குளிருலயா பாய்?"

"அப்ப சுக்குக் காப்பி குடுத்திருக்கும். அது கையி சும்மா இருக்காதும்மா."

சாயங்காலம் நம் தெருவில் வீட்டுக்கு வீடு சூடாக வடாம் மாவு போயிற்று. கத்திரிக்குக் குளிர் வந்ததைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிக் கொடுத்தேன். எனக்கும் மறை கழன்றுவிட்டது என்று யாராவது இன்று இரவு பேசியிருப்பார்கள்.

அன்று இரவு இதுவரை எழுதி நிறுத்திவிட்டேன், அக்கா. ஈரச் சுவரில் பெயின்ட் பிடிக்காது. வெயில் வரட்டும், முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று மடலை மூடி வைத்தேன்.

வெயில் திரும்பிவிட்டது. கம்பளியை மாடியில் உலர்த்திப் பரணில் ஏற்றியாயிற்று. இன்று சுண்ணாம்பைக் கலந்து எடுத்துக்கொண்டு தொட்டிச் சுவர் முன்னால் நின்றேன். உங்கள் தலைப்பைத் தொடவில்லை. 'குறைவு' என்ற சொல்லைத் தொடவில்லை, எழுத்து என்ன தப்பு செய்தது? எண்ணுக்கு வந்தேன். தூரிகையைத் தூக்கிய பிறகுதான் பார்த்தேன். இருபத்தாறுக்கும் முதலில் இரண்டு, இருபத்தைந்தரைக்கும் முதலில் இரண்டு. அந்த இரண்டிலும் ஒரு தப்பும் இல்லை. தப்பாக இருப்பதை மட்டும் எடுத்தால் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஆறை மட்டும் அழித்தேன். வால் சுருட்டிய பூனை போயிற்று. கண்ணீர் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டு, சுண்ணாம்பு காய்ந்ததும் உங்கள் இரண்டுக்குப் பக்கத்தில் என் ஐந்தரையை எழுதினேன். அரையைக் கொஞ்சம் கோணலாக எழுதியிருக்கிறேன், திட்டாதீர்கள். பாதி எண் உங்களுடையது, பாதி என்னுடையது. இதைவிடக் குளிராக ஒரு கத்திரி வந்தால், வந்து அழிக்கிறவள் அழிக்கட்டும்.

வடாம் வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். "வெயில் கொளுத்துதுங்க" என்று பேச்சுக்குச் சொல்கிறவர்களிடம் என் வாய் தானாக "எவ்ளோ?" என்று கேட்டுவிடுகிறது. நேற்று பால்காரரையும் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அந்தம்மா கேக்கற மாதிரியே கேக்கறீங்க" என்றார்.

நீங்களும் அங்கே எங்கேயோ உட்கார்ந்து, குளிர்ந்தது குளிர்ந்தது என்று கதை அளக்கிறாளே, எண்ணைச் சொல்கிறாளா பார் என்று பொறுமை இழந்துகொண்டிருப்பீர்கள்.

இருபத்தைந்தரை, அக்கா. துடைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.